ரெகுலேட்டர் சர்வீசுக்குப் போயிருக்கிறது

மூக்குக் கண்ணாடிக் கடையின் பின்னறையில், சன்னல்கூட இல்லாத இடத்தில், உட்கார்ந்து லென்ஸ் தேய்க்கிற ஒரு மனிதருக்கு 'சுறா' என்று பெயர் வந்தால் அதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தே ஆக வேண்டும். கதை இருந்தது. அதில் உண்மைதான் இல்லை.

ஆள் பரம சாது. முன்கடையில் டாக்டர் எழுதிக் கொடுக்கும் லென்ஸை, வாடிக்கையாளர் ஆசைப்பட்டு எடுத்த பிரேமுக்குப் பொருந்துகிற மாதிரி இயந்திரத்தில் தேய்த்து, விளிம்பை மழுக்கி, எறும்புத் தலையளவு திருகாணியை முடுக்கித் தருவது அவர் வேலை. தேய்க்கும்போது லென்ஸ் சூடாகாமலிருக்க மேலே தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். தண்ணீரோடு அவருக்கு இருந்த தொடர்பு அவ்வளவுதான். சின்ன வயதில் குளத்தில் நீச்சல் பழகியவர் என்பது உண்மை. ஆனால் காலுக்குக் கீழே தரை தட்டுப்படவில்லை என்றால் உடனே கரையேறிவிடுவார்.

எல்லாவற்றுக்கும் காரணம் மச்சான். அதாவது மனைவியின் அண்ணன். சரக்குக் கப்பல் கம்பெனியில் மேனேஜர். விடுமுறைக்குப் போன இடத்தில் ஒரே ஒரு தடவை கடலுக்கடியில் போய் வந்துவிட்டு, அந்தப் போட்டோவைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு, கதவைத் திறந்ததுமே கண்ணில் அறைகிற மாதிரி கூடத்தில் மாட்டி வைத்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாடு. தட்டில் போட்டது ஆறிக்கொண்டிருந்தது, மச்சானின் கடல் ஆறவில்லை. நம் ஆளின் மகள் அப்போது முதல் வகுப்பு. மாமாவையே வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவள், திடீரென்று அப்பா பக்கம் திரும்பினாள்.

"அப்பா, நீங்க கடலுக்குள்ள போயிருக்கீங்களா?"

"ஓ! கல்யாணத்துக்கு முன்னாடி நிறைய."

அவரைக் கேட்காமலே வாய் சொல்லிவிட்டது. மனைவி கரண்டியை அந்தரத்தில் நிறுத்தி அவரை ஒரு பார்வை பார்த்தாள். நல்ல மனுஷி. வீட்டுக்குள் ஆயிரம் சொல்வாளே தவிர, அண்ணன் எதிரில் புருஷனை விட்டுக்கொடுக்க மாட்டாள். கரண்டியிலிருந்ததை அவர் தட்டில் போட்டாள்.

"அட, சொல்லவே இல்லையே மாப்பிள்ளை! அப்ப ஒரு நாள் சேர்ந்து எறங்குவோம்" என்றார் மச்சான். "சொந்தமா ரெகுலேட்டர் வச்சிருக்கீங்கல்ல?"

"பழசு போயிடுச்சு. வாங்கணும்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவர், வாங்கித்தான் ஆக வேண்டியிருந்தது. கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த ஒரு பெரியவர், இதய டாக்டர் கடல் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிவிட்டதால், தன்னுடைய ரெகுலேட்டரைத் தள்ளிவிடப் பார்த்துக்கொண்டிருந்தார். "ரொம்ப நாளா சும்மா கெடக்கு. சர்வீஸ் பண்ணாம மட்டும் தண்ணியில எறங்கிடாதீங்க" என்று சொல்லிப் பையோடு கொடுத்தார்.

"கேஸ் ரெகுலேட்டர் நல்லாத்தானே இருக்கு, இன்னொண்ணு எதுக்கு?" என்றாள் மனைவி, பையைத் திறந்து பார்த்து. அவள் கேட்டதிலும் தப்பில்லை. அடுப்புக்குப் போகிற வாயுவை ஒன்று அடக்குகிறது, மூச்சுக்குப் போகிற காற்றை இன்னொன்று அடக்குகிறது. முதுகில் சுமக்கும் சிலிண்டரின் கழுத்தில் மாட்டுகிற பித்தளைத் தலை ஒன்று, வாயில் கவ்விக்கொள்கிற துண்டு ஒன்று, இரண்டுக்கும் நடுவே ரப்பர் குழாய். சிலிண்டருக்குள் திமிறிக்கொண்டிருக்கும் காற்றை, இழுக்கிற மூச்சுக்கு வேண்டிய அளவு மட்டும் இது விட்டுத் தரும். கடலுக்கடியில் உயிர் இதை நம்பித்தான்.

துறைமுகத்துக்குப் போகிற சந்தில், கயிற்றுக் கடைக்கும் மோட்டார் காயில் கட்டுகிற கடைக்கும் நடுவில் சர்வீஸ் கடை. ஓர் அம்மாள் நடத்தினார். கொண்டையில் செருகிய பென்சில், நெற்றியில் ஏற்றிவிட்ட பூதக்கண்ணாடி, பேச்சில் சிக்கனம். எல்லோருக்கும் அவர் ரிப்பேர்க்காரம்மா. சுறாவின் கண் முன்னாலேயே பித்தளைத் தலையைக் கழற்றினார். உள்ளே வடிகட்டியில் பச்சையாகக் களிம்பு. ரப்பர் வளையங்கள் விரலால் தொட்டதும் பொடிந்தன.

"ரப்பர் அத்தனையும் மாத்தணும். சாமான் வர்றதுக்கே ரெண்டு வாரம் ஆகும். கடல்லேர்ந்து வந்து கழுவும்போது பித்தளைத் தலை வாயில இந்த மூடியப் போட்டுட்டுக் கழுவணும், இல்லாட்டி தண்ணி உள்ள போயிடும். ஒண்ணு தெரிஞ்சுக்குங்க. இது பெரும்பாலும் காத்த நிறுத்திக் கெடாது, கொட்டிக் கெடும். உஸ்ஸுன்னு சீறும். சீறினா எறங்காதீங்க."

சுறா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். சின்னச் சின்னத் திருகாணிகளையும் வளையங்களையும் பார்க்கப் பார்க்க அவருக்குச் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி இருந்தது. கடலை மட்டும் விட்டுவிட்டால் இது எவ்வளவு நல்ல பொருள் என்று நினைத்தார்.

அன்று மாலையே மச்சான் போன் செய்தார். "வர்ற ஞாயித்துக்கிழமை போலாமா மாப்பிள்ளை? கடல் அமைதியா இருக்காம்."

"ஐயோ, ரெகுலேட்டர் சர்வீசுக்குப் போயிருக்கே மச்சான்!"

மச்சான் குரலில் மரியாதை ஏறியது. "கரெக்ட், கரெக்ட். அதுல விளையாடக் கூடாது" என்று சொல்லி மச்சான் போனை வைத்தார். சுறாவுக்கு ஆனந்தம் தாங்கவில்லை. காய்ச்சல் என்றால் எப்போது குணமாகும் என்று கேட்பார்கள். வேலை என்றால் லீவு போடச் சொல்வார்கள். சர்வீஸ் என்றால் எவனும் மறுபேச்சுப் பேச முடியாது. அது மட்டுமா, ஆள் எவ்வளவு பொறுப்பானவர் என்ற பெயர் வேறு வருகிறது.

அதற்கப்புறம் அது வருடாந்தர வழக்கமாகிவிட்டது. அந்தக் கடல் வருடத்தில் சில மாதங்கள்தான் சாதுவாக இருக்கும். அலை தணிந்தது என்று காதில் விழுந்ததும் சுறா பையைத் தூக்கிக்கொண்டு சந்துக்குள் நுழைவார். வேலை முடிந்துவிட்டது என்று அம்மாள் சொன்னால் முகம் வாடும்.

"அவசரமே இல்லம்மா. இன்னும் கொஞ்ச நாள் உங்ககிட்டயே இருக்கட்டுமே."

ரிப்பேர்க்காரம்மா பூதக்கண்ணாடி வழியாக அவரை ஏற இறங்கப் பார்ப்பார். "இருக்கட்டும்" என்பார். அலை எழும்பத் தொடங்கியதும் சுறா போய்ப் பத்திரமாக வாங்கி வருவார். அந்த ஊரிலேயே அதிகச் சீராட்டும் குறைந்த ஈரமும் பார்த்த ரெகுலேட்டர் அதுவாகத்தான் இருக்கும்.

முதல் இரண்டு தடவை அம்மாள் கழற்றிய பழைய வளையங்களை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார். அவற்றை மகளுக்காக ஒரு கண்ணாடிப் புட்டியில் போட்டு வைத்தார். "இந்த வளையம் இருக்கே, சுறா தொரத்தினப்போ போட்டிருந்தது" என்று கதை அளப்பார். மகள் அதை வாங்கி முகர்ந்து பார்ப்பாள். பள்ளிக்கூடத்தில் போய்ச் சொன்னாள். பள்ளித் தோழியின் அப்பா கண்ணாடிக் கடைக்கு வந்தபோது சொன்னார். கடைக்காரர்கள் சும்மா விடுவார்களா? அன்றிலிருந்து 'சுறா'. கேலிக்கு வைத்த பெயரை அவர் பட்டமாக எடுத்துக்கொண்டார். அடுத்தடுத்த வருடங்களில் பழைய வளையங்கள் கொடுப்பதை அம்மாள் நிறுத்திவிட்டார், கூலியையும் பேருக்குத்தான் வாங்கினார். பழகிய மனிதர் என்ற சலுகை என்று சுறாவுக்குப் பெருமை.

"உங்கப்பா முழுசா நனையறது குளிக்கிறப்போ மட்டுந்தான்" என்று மனைவி சில சமயம் சாடை பேசுவாள். மகள் அதை அம்மாவின் பொறாமை என்று எடுத்துக்கொண்டாள்.

பிள்ளைகள் வளர்ந்தால் அப்பாவின் கதைகளை மறந்துவிடுவார்கள் என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். இவள் மறக்கவில்லை. கல்லூரிக்குப் போனவள், வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் டைவிங் வகுப்பில் சேர்ந்து, பயிற்சியெல்லாம் முடித்து, சான்றிதழோடு ஒரு நாள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் சிரிப்பு.

"அப்பா, வர்ற சனிக்கிழமை நாம ரெண்டு பேரும். எல்லாம் பேசிட்டேன்."

சுறா சற்றும் தடுமாறவில்லை. "அடடா, ரெகுலேட்டர் சர்வீசுக்குப் போயிருக்கேம்மா!"

"தெரியுமே!" என்று முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருந்த பையை எடுத்து நீட்டினாள். "நானே போய் வாங்கிட்டு வந்துட்டேன். அந்தம்மா சாப்பிடப் போயிருந்தாங்க. பக்கத்துக் கயித்துக் கடைக்காரர் உங்க பேரப் பார்த்து அலமாரியிலேர்ந்து எடுத்துக் குடுத்தார்."

அவள் போன பிறகு மனைவி அடுப்படியில் பிடித்துக்கொண்டாள். "இப்பவாவது சொல்லிடுங்க."

"எப்படிடி சொல்றது? அவ மூஞ்சியப் பார்த்தியா?"

சொல்ல முடியாதுதான். மகளுக்கு அவர் எதையும் பெரிதாகச் செய்துவிடவில்லை. பள்ளிக்கூடத்து மற்ற அப்பாக்கள் காரில் வந்தார்கள், இவர் கண்ணாடித் தூள் படிந்த சட்டையோடு வந்தார். அப்படியும் அவள் தோழிகளிடம் "எங்கப்பா" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னதற்கு இந்த ஒரு பொய்தான் ஆதாரம். அதையும் பிடுங்கிவிட்டால் அவள் கண்ணில் தான் யார்? இந்தக் கேள்விதான் அவரைத் தின்றது.

மறுநாள் பையைக் கடைக்குக் கொண்டுபோனார். மூக்குக் கண்ணாடிக்கு வைத்திருந்த திருப்புளியை எடுத்தார். வாயில் கவ்வுகிற துண்டில் காற்றின் அளவைச் சரி செய்கிற சின்னத் திருகு ஒன்று உண்டு. அது எங்கே என்று அம்மாள் காட்டியிருக்கிறார். லேசாகத் திருப்பினார். சிலிண்டரில் மாட்டியதும் சீறும். சீறினால் யாரும் இறங்கக் கூடாது. மகளுக்கு வருத்தம், தனக்கு அதைவிட வருத்தம், தோளோடு அணைத்து வீட்டுக்குக் கூட்டி வந்துவிடலாம். சீறுவதால் ஆபத்தும் இல்லை. இவ்வளவு கச்சிதமாகத் தான் எந்த லென்சையும் தேய்த்ததில்லை என்று அவருக்கே தோன்றியது.

சனிக்கிழமை கடற்கரையில் மச்சானும் ஆஜர். கழுத்தில் கேமரா. "எனக்கு முதுகு சரியில்ல மாப்பிள்ளை. நான் போட்டோ எடுக்கறேன்" என்றார், கேட்பதற்கு முன்பே. பயிற்சியாளர் இளைஞர், கறுத்த தோள்கள், சிரித்த முகம். ரெகுலேட்டரைச் சிலிண்டரில் மாட்டித் திறந்தார். உஸ்ஸென்று சீறியது.

"அடடா!" என்றார் சுறா. அந்த வார்த்தையை வீட்டில் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். "போச்சே! இன்னிக்கு நமக்குக் குடுத்து வைக்கலம்மா."

பயிற்சியாளர் இடுப்புப் பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து, திருகை லேசாகத் திருப்பினார். சீறல் நின்றது. "அவ்வளவுதான் சார். கொஞ்சம் தள்ளியிருந்துச்சு."

சுறா அந்தத் திருகையே முறைத்துப் பார்த்தார்.

"அப்பா" என்றாள் மகள், "நீங்க என்னோடத எடுத்துக்குங்க. நான் உங்களோடதப் போட்டுக்கறேன். சின்ன வயசுலேர்ந்து எனக்கு ஆசை." சொல்லிக்கொண்டே அதை எடுத்து வாய்க்குக் கொண்டுபோனாள்.

சுறா பாய்ந்து பிடுங்கினார். அவ்வளவு வேகமாக அவர் எதையும் செய்து யாரும் பார்த்ததில்லை. "போடாத! நான்தான் திருகிக் கெடுத்து வச்சேன். வேற என்ன கெட்டிருக்கோ எனக்குத் தெரியாது. நான் ஒரு தடவகூட கடல்ல எறங்கினதில்ல."

மச்சானின் கேமரா தாழ்ந்தது.

"சுறா தொரத்தினது?"

"டிவியில பார்த்தது."

"கல்யாணத்துக்கு முன்னாடி நிறையன்னீங்க?"

"கல்யாணத்துக்கு முன்னாடியும் லென்ஸ்தாம்மா தேய்ச்சேன்."

மகளுக்குக் கண் கலங்கியது. கோபமா அழுகையா என்று அவளுக்கே பிடிபடவில்லை. தண்ணீர்வரை நடந்து போனாள், கொஞ்ச நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். சுறாவுக்கு அந்த முதுகைப் பார்க்கச் சகிக்கவில்லை. மச்சான் தோளைத் தட்டவும் இல்லை, கேலி செய்யவும் இல்லை. கேமராவை உறையில் போட்டு மூடினார்.

மகள் திரும்பி வந்தபோது குரல் கறாராக இருந்தது. "எனக்கு இது அஞ்சாவது தடவை. உங்களுக்கு முதல் தடவை. நான்தான் சீனியர். சொல்றபடி கேப்பீங்களா?"

"கேக்கறேன்."

"எறங்குங்க."

புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப்போகிற ஆழம்வரை கூட்டிப்போகப் பயிற்சியாளரும் ஒப்புக்கொண்டு, கரையிலேயே பாடம் எடுத்தார். ரெகுலேட்டர் விஷயத்தில் மட்டும் சுறா விட்டுக்கொடுக்கவில்லை. தன்னுடையது தன் வாயில்தான் என்றார். எதிலாவது கோளாறு என்றால் அது தன்னோடு போகட்டும் என்பது அவர் கணக்கு. இதை வெளியே சொல்லவில்லை. பயிற்சியாளர் அதை மறுபடி சோதித்துப் பார்த்துவிட்டு, நன்றாகத்தான் இருக்கிறது, எப்போது சர்வீஸ் செய்தது என்று கேட்டார். அதற்கு மட்டும் சுறா நிமிர்ந்து நின்று பதில் சொன்னார்.

"வருஷம் தவறாம. இப்பத்தான் வந்துச்சு."

தலை தண்ணீருக்குள் போனதும் எல்லாப் பயமும் ஒன்றாக வந்தது. காலுக்கடியில் தரை இல்லை. ஒரு பக்கம் பயிற்சியாளர், ஒரு பக்கம் மகள். மகளின் கையை அவர் பிடித்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருக்க வேண்டும். மேலே போய்விடலாம் என்று உடம்பு முழுக்கக் கத்தியது. அந்த நேரத்தில் ஒரே ஒரு நினைப்பு அவரைக் காப்பாற்றியது. உள்ளே இருக்கும் ரப்பர் அத்தனையும் புத்தம் புதுசு. அந்தம்மா கை வைத்தது. இதை நம்பாமல் வேறு எதை நம்புவது? இழுத்தார், காற்று வந்தது. விட்டார், குமிழிகள் காதோரம் உருண்டு மேலே போயின. மறுபடி இழுத்தார், மறுபடியும் வந்தது.

சுறா எதுவும் வரவில்லை. அடியில் மணல், மணலில் பாதி புதைந்த ஒற்றை ரப்பர் செருப்பு, அதன் வாருக்குள் குடியிருந்த விரலளவு மீன் ஒன்று. மகள் அதைச் சுட்டிக்காட்டினாள். அப்பாவும் மகளும் ஏதோ அரண்மனையைப் பார்ப்பதைப் போல அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கண்ணாடிக்குப் பின்னால் கண்கள் சிரிப்பதை அவர் பார்த்தார். இதற்கு மேல் தனக்கு எதுவும் வேண்டாம் என்று நினைத்தார்.

வீட்டுக்கு வந்ததும், நிஜமான டைவர் செய்கிற மாதிரி, ரெகுலேட்டரை வாளித் தண்ணீரில் அமுக்கி அமுக்கிக் கழுவினார். அத்தனை வருடமும் கழுவ அவசியமே வராதவர், மூடியைப் போட மறந்துவிட்டார். தண்ணீர் உள்ளே போய்விட்டது. மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். சுறாவுக்கோ உள்ளுக்குள் குதூகலம். முதன்முறையாக ரெகுலேட்டருக்கு உண்மையிலேயே சர்வீஸ் தேவைப்பட்டது.

திங்கட்கிழமை பையோடு சந்துக்குள் நுழைந்தபோது நடையே மாறியிருந்தது. ரிப்பேர்க்காரம்மா நிமிர்ந்து பார்த்தார். "என்ன, அதுக்குள்ள வந்துட்டீங்க? இப்பத்தானே எடுத்துட்டுப் போனீங்கன்னு கயித்துக் கடைக்காரர் சொன்னார்."

"உள்ள தண்ணி போயிடுச்சும்மா. கடல்ல போயிட்டு வந்து கழுவும்போது மூடியப் போடல."

அம்மாளின் கையிலிருந்த ஸ்பானர் அப்படியே நின்றது. "எதுல போயிட்டு வந்து?"

"கடல்ல. நானும் பொண்ணும்."

"இதப் போட்டுக்கிட்டா?"

"இதப் போட்டுக்கிட்டுத்தான். என்னா காத்து, என்னா காத்து! வருஷா வருஷம் நீங்க பார்த்துப் பார்த்துப் பண்ணினது வீணாகல. தண்ணிக்குள்ள உங்களத்தான் நினைச்சுக்கிட்டேன்."

ரிப்பேர்க்காரம்மா நெற்றியிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். எழுந்து போய் ஒரு மடக்குத் தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி உட்கார்ந்தார்.

"மொத ரெண்டு தடவை முழுசா மாத்தினேன். ரெண்டாவது தடவை தொறந்தா, உள்ள உப்பும் இல்ல, களிம்பும் இல்ல, நான் போட்டது போட்டபடி இருக்கு. உங்களுக்கு வேண்டியது சர்வீஸ் இல்ல, அது இங்க இருக்கறதுதான்னு புரிஞ்சுது. அதுக்கப்புறம் நான் இதத் தொறக்கவே இல்ல. வெளிய தொடச்சு, அலமாரியில வச்சு, கேக்கறப்ப எடுத்துக் குடுத்தேன். தொடச்சதுக்குத்தான் காசு வாங்கினேன்."

புத்தம் புது ரப்பர் என்று நம்பி இழுத்த ஒவ்வொரு மூச்சும் சுறாவுக்கு வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. மகள் அதை வாய்க்குக் கொண்டுபோனதும் ஞாபகத்துக்கு வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கோபப்பட வேண்டியவர் அவர். ஆனால் அவருக்கு முந்திக்கொண்டு கோபப்பட்டது அந்தம்மா.

"ஏங்க, தண்ணிக்குள்ள போறதா இருந்தா முன்னாடியே ஒரு வார்த்தை சொல்றதில்லையா?"